48,500 ரூபாய் போச்சு. ஸ்லிம்மிங் சென்டரில் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

நேற்று சாயங்காலம் அந்த சென்டரிலிருந்து இறங்கி பஸ் ஏறும்வரை கை நடுங்கிக்கொண்டே இருந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் கூச்சம் வந்து உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் எழுத மாட்டேன். மொத்தம் 48,500 ரூபாய். பெயர் போடவில்லை. திருச்சியில், வாசலில் ‘முன்பு, பின்பு’ படங்கள் மாட்டிய, ஏசி போட்ட ஒரு எடை குறைப்பு நிலையம் என்பது போதும்.

ஏன் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் 84 கிலோ ஆனேன். உயரம் 158 செ.மீ. குரூப் போட்டோ என்றால் பின்வரிசைக்குப் போய்விடுவேன், முடியாவிட்டால் சின்னவளைத் தூக்கி வயிற்றை மறைத்துக்கொள்வேன். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருப்பவர் லேசாக நகர்ந்தாலே எனக்கு அன்றைய நாள் போச்சு. தம்பி கல்யாணத்துக்கு பிளவுஸ் தைக்கப் போனபோது டெய்லர் அளவெடுத்து, உள்ளே நோட்டில் எழுதும் பையனுக்குக் கேட்க வேண்டும் என்று “நாப்பத்தி நாலு” என்று சத்தமாகச் சொன்னார். எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வார், அவர்மேல் தப்பில்லை. ஆனால் கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அன்று ராத்திரிதான் போனில் அந்த விளம்பரம் வந்தது. 45 நாளில் 15 கிலோ, முதல் ஆலோசனை இலவசம்.

அங்கே கவுன்சிலர் என்று ஒரு பெண். என்னைவிட எட்டு, பத்து வயது சின்னவள் இருப்பாள். மெஷினில் ஏற்றி நிறுத்தி, பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 33.6 என்று சிவப்புக் கட்டத்தில் வட்டம் போட்டாள். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்து நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து, “அக்கா, கண்ணாடியில முழுசா உங்களைப் பார்த்து எவ்ளோ நாளாச்சு?” என்று கேட்டாள். என் அம்மாகூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அழுதுவிட்டேன். டிஷ்யூ கொடுத்து, தன் போனில் ஒரு குண்டான பெண்ணின் போட்டோவைக் காட்டினாள். “நானும் 90 கிலோ இருந்தவதான்க்கா. உங்க வலி எனக்குத் தெரியும்.” அந்த ஒரு வாக்கியத்தை நம்பினேன். கண்ணைத் துடைத்த கையோடு டேப்லட்டில் கையெழுத்துப் போட்டேன், ஒரு வரி படிக்கவில்லை. 5,000 ரொக்கம், மீதி 43,500 ஆறு மாதத் தவணை, மாதம் 7,250.

சிகிச்சை என்று நடந்தது இதுதான்: உடம்பில் ஏதோ களிம்பு தடவி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, சூடான போர்வைக்குள் முக்கால் மணி நேரம். வியர்த்துக் கொட்டும். எழுந்ததும் டேப் வைத்து “ஒன்றரை இஞ்ச் குறைஞ்சிருக்கு” என்பார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் எல்லாம் திரும்ப வந்துவிடும், போனது வெறும் தண்ணீர்தானே. அவர்கள் மெஷினில் 81.2. அன்றே எங்கள் தெரு மெடிக்கல் ஷாப் மெஷினில் 83.6. டயட் சார்ட் ஒரு ஜெராக்ஸ், மேலே வேறு யாருடைய பெயரையோ அடித்துவிட்டு என் பெயர் எழுதியிருந்தது.

மூன்றாவது வாரம் வெளியே சோபாவில் காத்திருந்தேன். கவுன்சிலிங் அறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை. வேறொரு புதுக் கவுன்சிலர் பெண் உள்ளே யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள், “நானும் 90 கிலோ இருந்தவதான்க்கா.” எட்டிப் பார்த்தேன். அதே போட்டோ. பச்சைச் சுடிதார், கையில் கைப்பை, பின்னால் குளம். எனக்குக் காட்டிய அதே படம்.

வயிறு எரிந்தது. எரிகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதல் வாரம் “மேடம் மீட்டிங்ல இருக்காங்க”. அடுத்து “ஹெட் ஆபீஸுக்கு மெயில் போடுங்க”. போட்டேன், பதில் இல்லை. அப்புறம் “ரீஃபண்ட் கிடையாது, வேணும்னா பேக்கேஜை உங்க தங்கச்சிக்கு மாத்தித் தரோம்”. நேற்று மேனேஜர் வெளியே வந்து, ரிசப்ஷனில் ஆறேழு பேர் இருக்கும்போது, “நைட்ல நீங்க என்னென்ன சாப்பிடுறீங்கன்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்?” என்றார். எல்லோரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். எந்தக் கூச்சத்தைக் காட்டி 48,500 வாங்கினார்களோ, அதே கூச்சத்தை வைத்துத்தான் திருப்பித் தராமலும் இருக்கிறார்கள். பஸ்ஸில் வரும்போதுதான் இது உறைத்தது.

போன வாரம் டாக்டரிடம் போனேன். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவாகச் சுரப்பது தெரிந்தது. எடை கூட அதுவும் ஒரு காரணம் என்றார். சென்டரில் ஒரு சொட்டு ரத்தம் எடுக்கச் சொல்லவில்லை. “முதல்ல நாலு கிலோ மெதுவா குறைங்கம்மா, அதுக்கே சர்க்கரை, பிரஷர் எல்லாத்துக்கும் நல்லது” என்றார். ஒரு கிலோ கொழுப்பு என்றால் சுமார் 7,700 கலோரி என்று அவரே கணக்குப் போட்டுக் காட்டினார். 45 நாளில் 15 கிலோ கொழுப்பு கரைய வேண்டுமானால் தினம் 2,500 கலோரிக்கு மேல் துண்டு விழ வேண்டும். நான் ஒரு நாள் முழுக்கச் செலவழிப்பதே அவ்வளவு வராது. பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடந்தாலும் நடக்காத காரியத்தை எனக்கு விற்றிருக்கிறார்கள்.

விவரமாக எழுத நினைத்தேன், பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரம். அவசரமாகச் சில. முதல் நாளே கையெழுத்துப் போடாதீர்கள், அழுத அன்று கண்டிப்பாகப் போடாதீர்கள். தவணை என்றால் பெரும்பாலும் அது உங்கள் பெயரில் வேறொரு நிதி நிறுவனம் தரும் கடன். சென்டரோடு சண்டை என்று கட்டாமல் விட்டால் உங்கள் சிபில் ஸ்கோர்தான் (கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் மதிப்பெண்) அடிபடும். கட்டிய எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள், என் 5,000க்கு ஒரு துண்டுச் சீட்டுதான் இருக்கிறது. முதலில் தைராய்டு பாருங்கள். மருந்து கொடுத்து உடல் பருமனைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யவே 1954ஆம் வருஷச் சட்டத்தில் தடை இருக்கிறது, அப்படி விளம்பரம் பார்த்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. காலையில் பேசிப் புகார் எண் வாங்கிவிட்டேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். போடுவேன்.

இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள், எடையைச் சொல்ல வேண்டாம், தொகையைச் சொன்னால் போதும். அடுத்த தவணை 5ஆம் தேதி, 7,250.