கொலையாளியின் குரலை யார் மறுத்துப் பேசுகிறார்கள்?

தொடர் கொலையாளியே பேசிப் பதிவான ஒலிநாடாக்களைக் கொண்டு உருவான இரண்டு தொடர்களை அடுத்தடுத்து முடித்தேன். ஒன்று, அமெரிக்கத் தொடர் கொலையாளி டெட் பண்டியைப் பற்றி நெட்ஃபிளிக்ஸில் 2019 ஜனவரியில் வந்த நான்கு பகுதி ஆவணத்தொடர். மற்றொன்று, எட்வர்ட் வெய்ன் எட்வர்ட்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கக் கொலையாளியைப் பற்றி அதே ஆண்டில் வந்த 'தி கிளியரிங்' என்ற எட்டுப் பகுதி பாட்காஸ்ட். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது, எதைக் கேட்கலாம் என்று தம்பி கேட்டான். தயங்காமல் இரண்டாவதைச் சொன்னேன்.

தயாரிப்பில் இரண்டுமே நேர்த்தி. பண்டி தொடரில் பழைய செய்திப் படங்களும் நீதிமன்றக் காட்சிகளும் உண்டு. பாட்காஸ்ட் என்றால் வேலை செய்துகொண்டே கேட்கலாம். அதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

என் முடிவுக்குக் காரணம் வேறு. நாடாவில் கொலையாளி சொல்வதை யாராவது சரிபார்க்கிறார்களா? இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு யார்க்‌ஷயர் பகுதியில் பெண்கள் தொடர்ந்து கொல்லப்பட்ட வழக்கே போதும். 1979 ஜூனில், தானே கொலையாளி என்று ஒருவன் பேசிய நாடா இங்கிலாந்துப் போலீசுக்கு வந்தது. அதை நம்பி, சண்டர்லாந்து பக்கத்துப் பேச்சுவழக்கு கொண்டவனைத் தேடினார்கள். உண்மைக் கொலையாளி பீட்டர் சட்கிளிஃப் பிராட்ஃபோர்டில் இருந்தான். அவனைப் பலமுறை விசாரித்தும் விட்டுவிட்டார்கள். அந்த நாடா வந்த பிறகு மேலும் மூன்று பெண்கள் கொல்லப்பட்டார்கள். பேசியவன் வெறும் ஏமாற்றுக்காரன் என்பது 2006இல்தான் நீதிமன்றத்தில் உறுதியானது. பதிவான குரலுக்கு இப்படி ஒரு வசியம் இருக்கிறது.

பண்டி விஷயத்திலும் அந்த வசியம்தான் எனக்கு உறுத்தியது. 1980இல் மரண தண்டனைக் கைதியாக இருந்தவனை ஸ்டீபன் மிஷோ, ஹியூ ஐன்ஸ்வொர்த் என்ற இரு செய்தியாளர்கள் நூறு மணி நேரத்துக்கும் மேலாகப் பதிவு செய்தார்கள். அவன் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. கொலை செய்தவனைப் படர்க்கையில் வைத்து ஊகித்துச் சொல்லும்படி மிஷோ கேட்டதும், 'அவன்' என்று யாரோ ஒருவனைப் பற்றிச் சொல்வதுபோல் பேசத் தொடங்கினான். கெட்டிக்காரத்தனமான உத்தி, மறுக்கவில்லை. ஆனால் மணிக்கணக்கில் அந்தக் குரலே ஓடும்போது, இறந்த பெண்கள் திரையில் வந்துபோகும் புகைப்படங்களாகச் சுருங்கிவிடுகிறார்கள்.

'தி கிளியரிங்'கில் எட்வர்ட் வெய்ன் எட்வர்ட்ஸின் குரலைக் கேட்பவர் அவனுடைய மகள் ஏப்ரல் பலாசியோ. அந்தக் குரலோடு ஒரே வீட்டில் வளர்ந்தவர். அடிக்கடி ஊர் மாறிய சிறுவயது அவருக்குள் சந்தேகமாகவே தங்கியிருந்தது. விஸ்கான்சினில் 1980இல், திருமண வரவேற்பிலிருந்து கிளம்பிய பத்தொன்பது வயது இளம் ஜோடி கொல்லப்பட்ட வழக்கை 2009இல் இணையத்தில் கண்டு, துப்பறியும் அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்தார். மரபணுச் சோதனை தந்தையைக் காட்டிக்கொடுத்தது. எட்வர்ட்ஸ் ஐந்து கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டு, மரண தண்டனை நிறைவேறும் முன்பே 2011 ஏப்ரலில் சிறையில் இயற்கையாக இறந்தான்.

இங்கே நாடா ஓடி முடிந்ததும் யாராவது பதில் சொல்கிறார்கள். அப்பா சொல்வதில் எது வீட்டில் நடந்தது, எது அவர் புனைந்தது என்று மகள் பிரிக்கிறார். தொகுப்பாளர் ஜோஷ் டீன் வழக்கு விவரங்களோடு ஒப்பிடுகிறார். அமெரிக்காவில் இன்றுவரை துப்புத் துலங்காத சோடியாக் கொலைகள் உட்படப் பிரபலமான வழக்குகளையெல்லாம் எட்வர்ட்ஸ் தலையில் கட்டிய கதை இணையத்தில் பரவியிருந்தது. அதையும் இத்தொடர் எடுத்துச் சோதித்து மறுக்கிறது. கொலையாளியைப் பெரிதாக்கிக் காட்டினால் கேட்பவர் கூட்டம் சேரும் என்று தெரிந்தும் அவனைச் சரியான அளவுக்குக் குறைத்துக் காட்டிய நேர்மைக்காகவே இதை மதிக்கிறேன்.

லண்டன் கொலையாளி டென்னிஸ் நில்சனின் சிறைப் பதிவுகளைக் கொண்ட 2021ஆம் ஆண்டு ஆவணப்படத்தை ஒரே முறை, அதுவும் இடைவெளி விட்டுத்தான் பார்த்தேன். அவனிடமிருந்து உயிர் தப்பியவரும் அதில் பேசுகிறார் என்பது மனதில் நின்றது; தரவரிசையில் வைக்கும் அளவுக்கு என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

தம்பிக்கு ஒன்றை மட்டும் கூடுதலாகச் சொன்னேன். வீட்டில் குழந்தைகள் இருக்கும்போது ஒலிபெருக்கியில் போடாதே. ஒரு மகள் தன் அப்பாவைப் பற்றிப் பேசுவது அது, அரைகுறையாக அவர்கள் காதில் விழ வேண்டாம்.