ரெண்டு ஃபைலும் ஒரு தாளும்

மதுரைச் சித்திரைத் திருவிழா பார்க்கத்தான் டொரான்டோவிலிருந்து வந்தேன். அழகரை வரவேற்கும் எதிர்சேவை ராத்திரி, தல்லாகுளத்தில் அக்கா மகன் என் சட்டையை விடவே இல்லை. 15 வயசுப் பையன். வெளிச்சம் குறைந்த இடம் வந்ததும் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் மேலெல்லாம் இடித்தான். "அவன் எப்பவுமே பராக்குடா" என்றாள் அக்கா.

பராக்கு இல்லை. பிறவியிலேயே காது மந்தம். ஒன்றாம் வகுப்பிலிருந்து மெஷின் போடுகிறான். அது ஒரு ஃபைல். ராத்திரியில் கண் தெரியவில்லை என்று போன இடத்தில் சத்துக்குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். அது இன்னொரு ஃபைல்.

மறுவாரம் இரண்டையும் எடுத்துக்கொண்டு அண்ணாநகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனோம். கூட்டம் அதிகம், ஆனாலும் வரிசை தேங்கவில்லை. சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்த டாக்டரம்மா முதலில் கேட்டது, "காது மெஷின் எப்பயிருந்து?" அடுத்தது, "சொந்தத்துல கல்யாணமா?" அக்கா கட்டியது எங்கள் தாய்மாமாவை.

அஷர் சிண்ட்ரோமாகத்தான் இருக்கும் என்றார். உள்காதில் ஒலியை வாங்கும் செல்களுக்கும், விழித்திரையில் வெளிச்சத்தை வாங்கும் செல்களுக்கும் பொதுவான சில புரதங்கள் உண்டாம். அதற்கான ஜீன், அம்மாவிடமிருந்து ஒன்று அப்பாவிடமிருந்து ஒன்று என்று வரும் இரண்டு பிரதியிலும் பழுதானால் இரண்டு புலனும் அடிபடும். முதலில் இருட்டில் தெரியாது. அப்புறம் பக்கப் பார்வை சுருங்கிக்கொண்டே வரும்.

"எங்களுக்கு நல்லாத்தானே தெரியுது?" என்றார் மாமா. டாக்டரம்மா தாளில் வரைந்து காட்டினார். ஆளுக்கு ஒரு பிரதி பழுது, ஒன்று நல்லது. நல்லது இருப்பதால் வெளியே தெரியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் ஜீன்களில் கால் பங்கு பொது என்பதால் ஒரே பழுது இருவரிடமும் இருப்பது எளிது. அக்கா அழுதுவிட்டாள். "நான் கிரகணத்துல வெளிய வந்ததாலதான்னு அம்மாச்சி இத்தனை வருசமா சொல்லுச்சு." தாளை மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டாள்.

ஜீன் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறோம். எந்த ஜீன் என்று தெரிவது முக்கியம்: 2017-ல் அமெரிக்கா அனுமதித்த விழித்திரை ஜீன் சிகிச்சை ஆர்பிஈ65 என்ற ஒரே ஜீனுக்கானது, அது அஷரில் சேராது. கண்ணுக்குப் போகிறவர்கள் காது ரிப்போர்ட்டையும் கட்டாயம் கொண்டுபோங்கள். மாற்றுத்திறனாளி அட்டைக்கும் எழுதிக் கொடுங்கள்; 2016 சட்டம் சொல்லும் 21 வகைகளில் காது, கண் இரண்டும் சேர்ந்த குறைபாடும் உண்டு.

அக்காவின் சின்ன மகளுக்கு 8 வயசு, காது நன்றாகக் கேட்கிறது. அவளை என் மகனுக்குத்தான் என்று அம்மாச்சி அவள் பிறந்த அன்றே பேசி வைத்திருந்தது. அக்காவுக்கு வந்த பழுது எனக்கும் வந்திருக்கலாம். நான் கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மாச்சி அந்தப் பேச்சை எடுத்தது. அக்கா ஒன்றும் சொல்லாமல் பர்சைத் திறந்து, அந்தத் தாளை அம்மாச்சி மடியில் விரித்து, "இதை முதல்ல கேளு" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.