கெக்கோ வாங்குமுன் அதன் விரல்களைப் பாருங்கள்

லண்டனில் பிள்ளைகளின் ஆசைக்காக லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லி வகையை வாங்க நினைத்திருக்கும் பெற்றோர், கடைக்குப் போகுமுன் இதைப் படித்துவிடுங்கள். என் மகளுக்கு வாங்கிய கெக்கோவுக்குப் பின்னங்காலில் இரண்டு விரல்கள் போய்விட்டன. விற்ற கடை உரிமம் பெற்ற கடைதான். கண்ணாடித் தொட்டிகள் பளபளப்பாக இருந்தன, விற்பனையாளரும் அன்பாகத்தான் பேசினார். அதனால்தான் எழுதுகிறேன். பார்த்தால் நம்பத் தோன்றும் இடம் அது.

வாங்கும்போதே சில விரல் நுனிகளில் சாம்பல் நிறத்தில் மெல்லிய வளையம்போல் ஏதோ இருந்தது. மகள்தான் முதலில் கவனித்தாள். கேட்டதற்கு, "இந்த வகைக்குப் பிறவியிலேயே அப்படித்தான், அது நிறம்" என்றார் விற்பனையாளர். நிறம் இல்லை. பழைய தோல்.

பாம்பைப் போலவே கெக்கோவும் சட்டை உரிக்கும். குட்டிகள் ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை உரிக்கும். வளர்ந்தவை ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை. உரிப்பதற்குமுன் உடல் வெளிறி மங்கும். பிறகு வாயாலேயே தோலை இழுத்துக் கழற்றித் தின்றுவிடும். காற்றில் ஈரம் போதாவிட்டால் விரல் நுனியில் தோல் கழலாமல் தங்கிவிடும். அது காய்ந்து சுருங்கி, நூலால் இறுக்கிக் கட்டியது போல விரலைப் பிடிக்கும். அடுத்த முறை உரிக்கும்போது அதன்மேல் இன்னொரு சுற்று சேரும். இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் வீங்கும், சிவக்கும், கறுக்கும், கடைசியில் உதிர்ந்துவிடும். வால் போனால் திரும்ப முளைக்கும். விரல் முளைக்காது.

அந்தக் கடை சொன்ன வளர்ப்பு முறையே இதற்கு வழி செய்தது. "பாலைவனப் பிராணி, ஈரமே கூடாது" என்று சொல்லி மணலும் விளக்கும் விற்றார்கள். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பகுதி ஆகியவற்றின் வறண்ட பாறை நிலம்தான் இதன் தாயகம் என்பது உண்மை. ஆனால் பகல் முழுவதும் அது பாறை இடுக்கிலும் மண் பொந்திலும் ஒடுங்கிக் கிடக்கிறது. அந்தப் பொந்துக்குள் வெளியில் இல்லாத ஈரம் இருக்கும். வீட்டில் அதற்கு ஈடாகத் தேவைப்படுவது ஒரு மூடிய டப்பா, நுழைய ஒரு துளை, உள்ளே நனைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசி அல்லது சமையலறைக் காகிதம். காசு அதிகம் ஆகாத இந்த ஈரப் பொந்தைப் பற்றி அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. லண்டன் குளிர்காலத்தில் ரேடியேட்டர் வீட்டுக் காற்றை எப்படி உலர்த்தும் என்று இங்கே வாழும் எல்லோருக்கும் தெரியும், அந்தக் கடைக்காரர்களுக்கும் தெரியும்.

விரல் வீங்கியதும் அதே கடைக்குப் போனோம். அங்கே நடந்ததை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. மருத்துவரிடம் போகச் சொல்ல வேண்டிய விற்பனையாளர், தோல் உரிய உதவும் என்று ஒரு தெளிப்பானை விலைக்குக் கொடுத்தார். சாமணத்தால் பிடித்து இழுத்தால் வந்துவிடும் என்றார். என் மகள் பார்த்துக்கொண்டிருக்க அவரே இழுத்தும் காட்டினார். காய்ந்த தோலோடு உயிருள்ள தோலும் கிழிந்து இரத்தம் வந்தது. பிறகு பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு களிம்பைக் கையில் திணித்து, ஆன்டிபயாட்டிக் என்றார். பிரிட்டனில் விலங்குகளுக்கான ஆன்டிபயாட்டிக்கை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்க முடியாது. பிராணிகளின் நோயைக் கண்டறிந்து சிகிச்சை தரும் வேலையையும் 1966ஆம் ஆண்டுச் சட்டம் பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறது. வீட்டில் அந்தக் களிம்பைத் தொடவில்லை. நேரே ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோனோம்.

அவர் செய்தது வேறு வகை. கைக்கு லேசான சூடாகத் தெரியும், ஏறக்குறைய 30 டிகிரி வெந்நீரில், வயிறு மட்டும் நனையும் ஆழத்தில் கால் மணி நேரம் நிற்க வைத்தார். பிறகு ஈரப் பஞ்சுக் குச்சியால் விரலின் அடியிலிருந்து நுனியை நோக்கி மெல்ல உருட்டினார். மற்ற விரல்களில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றியிருந்த தோல்கள் கழன்றுவந்தன. கழலாததை இழுக்கவே இல்லை. மறுநாள் நனைத்து எடுக்கலாம் என்றார். அந்த இரண்டு விரல்களை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. எலும்புக்குத் தொற்று பரவியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்து, மயக்க மருந்து கொடுத்து அகற்றினார். தோலின் அடுக்குகளைப் பார்த்துவிட்டு, இது எங்கள் வீட்டில் தொடங்கியதல்ல, கடையில் இருந்தபோதே பலமுறை சரியாக உரியாமல் விடப்பட்டது என்று எழுதியும் கொடுத்தார்.

அதைக் காட்டியபோது கடை மேலாளர் சொன்ன பதில், "வேறொன்று மாற்றித் தருகிறோம்." பெயர் வைத்துத் தினமும் கையால் உணவூட்டும் உயிரை மாற்றிக்கொள்ள என் மகள் சம்மதிக்கவில்லை. நானும் சம்மதிக்கவில்லை.

இங்கிலாந்தில் 2018ஆம் ஆண்டு விலங்கு நல உரிம விதிகளின்படி, விற்பனைக்கு வைக்கும் பிராணி ஆரோக்கியமாக இருக்க வேண்டும். வாழ்வைப் பாதிக்கும் குறை உள்ளதை விற்கக் கூடாது. வாங்குவோருக்குச் சரியான வளர்ப்புக் குறிப்பும் தர வேண்டும். உரிமம் கொடுப்பது உள்ளூர் கவுன்சில், எனவே புகாரும் அங்கேதான் போக வேண்டும். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் பிராணிகளுக்கும் பொருந்தும்: குறையோடு விற்றிருந்தால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம்.

நீங்கள் வாங்கப் போனால் கெக்கோவைக் கையில் எடுத்து, நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு விரலையும் எண்ணிப் பாருங்கள். ஒரு காலுக்கு ஐந்து இருக்க வேண்டும். நுனியில் வெளிறிய வளையமோ கறுப்போ வீக்கமோ இருந்தால் வாங்காதீர்கள். வால் நுனியையும் கண் இமைகளையும் பாருங்கள், பழைய தோல் அங்கேயும் தங்கும். தொட்டியில் ஈரப் பொந்து இருக்கிறதா என்று கேளுங்கள். ஏற்கெனவே வீட்டில் வளர்ப்பவர்கள், ஒவ்வொரு முறை சட்டை உரித்த மறுநாளும் விரல்களைச் சோதியுங்கள். வைட்டமின் ஏ போன்ற சத்து குறைந்தாலும் தோல் சரியாக உரியாமல் போகலாம் என்பதால் உணவையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் எடுத்த படங்கள், ரசீது, மருத்துவரின் கடிதம், அந்தக் களிம்பு எல்லாவற்றையும் கவுன்சிலின் உரிமப் பிரிவில் ஒப்படைத்திருக்கிறேன். இதே போல் ஏமாந்தவர்கள் ரசீதைத் தூக்கி எறியாமல் உங்கள் கவுன்சிலுக்கும் எழுதுங்கள்.