கடைவாய்ப் பல் சொத்தை: ரூட் கேனாலா, பிடுங்குவதா?

அரிசி, எண்ணெய், சிலிண்டர் என்று மாதச் செலவே கையைக் கடிக்கும்போது, "பிடுங்கிவிட்டால் முடிந்தது" என்றுதான் தோன்றும். அன்றைய செலவு அதில் குறைவு என்பது உண்மை. ஞானப் பல்லுக்கும், ஈறு கரைந்து ரொம்ப ஆட்டம் கண்ட பல்லுக்கும் பெரும்பாலும் அதுவே சரி.

மற்ற கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினால் கணக்கு மாறும். இடைவெளியை நோக்கிப் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் நீளும். சாய்ந்த இடுக்கில் உணவு சிக்கி, அடுத்த சொத்தை தொடங்கும். பிறகு பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களில் பிடித்து நிற்கும் கட்டுப்பல்) கட்டுவதென்றால் இருபுறமும் நல்ல பற்களை ராவ வேண்டும்.

ரூட் கேனால் என்றால் பல்லைப் பிடுங்காமல், உள்ளே கெட்டுப்போன நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பது. இதில் செலவு இரண்டு: சிகிச்சை, அதன்மேல் கேப் (பல்லை மூடும் உறை). பலர் தவறுவது இரண்டாவதில்தான். வலி நின்றதும் கேப்பைத் தள்ளிப்போடுவார்கள். சொத்தையிலும் சிகிச்சையிலும் உள்ளே குடைபட்ட பல் அது. முறுக்கோ எலும்போ கடித்த ஒரு நாளில் செங்குத்தாகப் பிளக்கும். அப்புறம் பிடுங்கத்தான் வேண்டும். கட்டிய பணமும் போச்சு. வெளியே தெரியாத கடைவாய்ப் பல்லுக்கு உலோகக் கேப் போதும். செராமிக்கை விட மலிவு, உடையாது.

சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் ரூட் கேனால், பிடுங்குவது இரண்டுமே செய்கிறார்கள். செலவு மிகக் குறைவு. பல நடை போக வேண்டியிருக்கும்.

பிடுங்கினால்: பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடியுங்கள். 24 மணி நேரம் துப்பவோ, ஸ்ட்ரா உறிஞ்சவோ, புகைக்கவோ கூடாது. பல் இருந்த குழியில் உறைந்த ரத்தக்கட்டி பெயர்ந்தால் மூன்றாம் நாள் வலி காதுவரை ஏறும். மறுநாள் முதல் ஒரு டம்ளர் வெந்நீரில் அரை ஸ்பூன் உப்பு போட்டு, மிதமான சூட்டில் மெதுவாகக் கொப்பளியுங்கள்.