சத்தம் சீட்டுக்கடியில், பில் பிபிக்கு

4,550 ரூபாய். சைக்கிளில் வந்த ஒரு 'கிர்ரீச்'சுக்காக நான் மொய் எழுதிய தொகை இது. கியர் சைக்கிள் வைத்திருப்பவர்கள், அதிலும் என்னைப்போல ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் வண்டியை சர்வீஸுக்கு விடுங்கள்.

என்னுடையது 8 கியர் ஹைப்ரிட், அலுமினிய ஃபிரேம், வாங்கி நாலு வருஷம் ஆகிறது. விடிகாலையில் திருவான்மியூரிலிருந்து கிளம்பி ஈசிஆரில் முட்டுக்காடு பாலம் வரை போய்த் திரும்புவேன். மழைக்காலம் முடிந்த கையோடு சத்தம் ஆரம்பித்தது. பெடலை அழுத்தும்போதெல்லாம் காலுக்குக் கீழேயிருந்து கிர்ரீச். மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். பழைய மரக்கட்டிலில் ஆள் புரண்டு படுக்கிற மாதிரி ஒரு சத்தம். "நீ வர்றது உத்தண்டியிலயே கேக்குதுப்பா" என்று கூட வருகிற நண்பன் கிண்டல் வேறு.

வீட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஏசி கடை ஒன்று. உள்ளே இருந்த பையன் வண்டியை ஸ்டாண்டில் மாட்டி, பெடலைக் கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, "பிபி போச்சு சார்" என்றான். ஓட்டிப் பார்க்கவில்லை. பிபி (பாட்டம் பிராக்கெட்) என்பது இரண்டு கிராங்கையும், அதாவது பெடல் மாட்டியிருக்கிற கைகளை, இணைக்கிற அச்சு. பேரிங்கோடு சேர்ந்து ஃபிரேமின் அடியில் இருக்கிற குழாய்க்குள் உட்கார்ந்திருக்கும். கிராங்கைக் கழற்றினால்தான் கண்ணில் படும். அவர்களுக்கு அதுதான் வசதி என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிபி 1,350, கூலி 800.

வண்டியை எடுக்கப் போனபோது மறுபடியும் ஸ்டாண்டில் சுற்றிக் காட்டினான். "பாருங்க சார், சத்தமே இல்ல." ஆள் ஏறாத சைக்கிள் எதற்குக் கத்தப்போகிறது? மறுநாள் நீலாங்கரை தாண்டுவதற்குள் கட்டில் மறுபடி புரள ஆரம்பித்துவிட்டது.

இரண்டாம் தடவை செயினும் கேசட்டும் (பின்சக்கரத்தில் இருக்கிற பல்சக்கர அடுக்கு) தேய்ந்துவிட்டதாம். 2,400. செயினை நானே அளந்திருக்கலாம். ஒரு கண்ணி அரை அங்குலம், ஆக 24 கண்ணி சரியாக 12 அங்குலம். ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பின்னுக்குப் பின் பார்த்தால், பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால்தான் மாற்ற வேண்டிய கட்டம். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. பழைய செயினையும் நான் கேட்டு வாங்கவில்லை. அதனால் அது உண்மையிலேயே தேய்ந்திருந்ததா என்று இன்றைக்குச் சொல்ல வழியில்லை.

சத்தம் மட்டும் போகவில்லை. மூன்றாம் தடவை கடைக்காரரே எழுந்து வந்தார். செல்போன் வெளிச்சத்தில் பிபிக்குப் பக்கத்தில் வெல்டிங்கை ஒட்டி மயிரிழைபோல ஒரு கருப்புக் கோட்டைக் காட்டினார். "ஃபிரேம்ல கிராக் சார். ஓட்டாதீங்க, ஃபேமிலி மேன் நீங்க. எக்ஸ்சேஞ்சுல 6,000 போட்டுக்கறேன், புதுசு எடுத்துக்குங்க." வயிற்றைக் கலக்கிவிட்டது. எடுத்திருப்பேன், அன்றைக்கு கார்டு வீட்டில் இருந்ததால் தப்பித்தேன்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் வழியில் தெருமுனை பாய் கடை. பாயும் ஒன்றும் புனிதர் இல்லை. ஒரு முள்ளுக்கு மூன்று பஞ்சர் கணக்குச் சொல்லிப் போன வருஷம் என்னிடமே காசு வாங்கியவர்தான். ஆனால் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: "சீட்டுல குந்தாம மிதி தம்பி, பாக்கலாம்." எழுந்து நின்று தெருக்கோடி வரை மிதித்தேன். சத்தமே இல்லை. உட்கார்ந்து திரும்பி வந்தேன். கிர்ரீச்.

"இது கீழ இல்ல, மேல."

சீட்டின் உயரம் மாறாமல் இருக்க தண்டில் டேப் ஒட்டிவிட்டு, கிளாம்பைத் தளர்த்தி முறுக்கி உருவினார். தண்டின் அடிப்பாகம் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது, நடுவில் வளையம்போல நறநறவென்று மண். மழைத்தண்ணீரும் உப்புக்காற்றும் உள்ளே இறங்கிச் செய்த வேலை. மிதிக்கும்போது உடம்பு இடமும் வலமும் சாய்கிறது, அந்தத் தண்டு குழாய்க்குள் உரசுகிறது. ஃபிரேம் முழுக்க வெற்றுக் குழாய், எங்கே கத்தினாலும் காலடியில் கேட்கும். கெரசின் துணியால் தண்டையும் குழாயின் உள்பக்கத்தையும் துடைத்து, மெல்லிசாக கிரீஸ் தடவித் திரும்பச் சொருகினார். அவ்வளவுதான், கட்டில் அமைதியாகிவிட்டது. (கார்பன் தண்டாக இருந்தால் கிரீஸ் கூடாது, அதற்கென்று தனிப் பேஸ்ட் இருக்கிறது.)

அப்படியானால் மாற்றிய பிபி? கேட்டதும் இடது கிராங்கைக் கழற்றிக் காட்டினார். அச்சைச் சுற்றி, பிபியை ஃபிரேமோடு பிடித்து வைக்கிற கப்பின் உள்பக்கம் பல் பல்லாக இருக்கும், கழற்றுகிற டூல் அதில்தான் பிடிக்கும். அந்தப் பல்லிடுக்கெல்லாம் செம்மண் கல்லாக இறுகிக் கிடந்தது. இரண்டு வருஷம் முன்னால் திருவண்ணாமலை போனபோது அப்பியது. "புதுசு போட்டவன் டூலை எங்க வெச்சான்?" என்றார் பாய். கிராங்கைத் தொட்டிருப்பார்களா என்பதே சந்தேகம்.

கிராக்கையும் காட்டினேன். அதே கெரசின் துணியால் ஒரு இழுப்பு. காய்ந்த எண்ணெய்க் கோடு, துணியோடு போய்விட்டது. உண்மையான கிராக் துடைத்தால் போகாது, அப்படி இருந்தால் அந்த வண்டியில் ஏறவே கூடாது. அந்தப் பயத்தைத்தான் அவர்கள் விற்கப் பார்த்தார்கள்.

மண் அப்பிய கப்பை போட்டோ எடுத்துக்கொண்டு, பில்லோடு கடைக்குப் போனேன். "பழைய பார்ட்டை ஸ்கிராப்ல போட்டுட்டோம் சார்" என்றார்கள். புது பார்ட்டைக் காட்டுங்கள் என்றேன், ஓனர் ஊரில் இல்லை என்றார்கள். ஓனர்தான் போன வாரம் எனக்குக் கிராக் காட்டியவர். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். பில்லில் 'பிபி மாற்றம்' என்று அவர்கள் கையாலேயே எழுதியிருப்பதுதான் என் பலம். வாய்க்கணக்காக விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.

புகார் நடப்பதால் கடைப் பெயரை இங்கே போடவில்லை. கமெண்டில் ஊகித்தும் எழுதாதீர்கள். பிபி மாற்றியதாகச் சமீபத்தில் யாராவது காசு கொடுத்திருந்தால், கிராங்கைக் கழற்றச் சொல்லி அந்தப் பல்லிடுக்கை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.