ஏஐ ஏஜென்ட்டுக்காக டூல் விளக்கம் எழுதுவது: ஒரு வருஷத்துக்கு மேல் பழகியபின்

எங்கள் டீமின் உள் டூல்களை (மாடல் கூப்பிட்டு வேலை வாங்கும் புரோகிராம்களை) எம்சிபி வழியாக ஏஜென்ட்டுகளுக்கு, அதாவது டூல்களைக் கூப்பிட்டுத் தானே வேலை செய்யும் ஏஐ மாடல்களுக்குக் கொடுத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எம்சிபி என்பது ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், ஏஐ மாடல்களை வெளி டூல்களோடு இணைக்கும் பொதுவான முறை. டூலின் பெயர், அதன் விளக்கம், பாராமீட்டர்களுக்கான ஜேசன் ஸ்கீமா (டூலுக்கு என்னென்ன மதிப்புகளை எந்த வடிவில் கொடுக்க வேண்டும் என்ற வரையறை), பெரும்பாலும் மாடல் பார்ப்பது இவ்வளவுதான். டீமின் உள் விக்கியில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தாலும் நாம் எடுத்துக் கொடுக்காவிட்டால் அதன் கண்ணில் படாது. மனுஷர் என்றால் சந்தேகம் வந்தால் பக்கத்து சீட்டில் கேட்பார். ஏஜென்ட் பெரும்பாலும் தானே ஊகித்துக்கொண்டு தயங்காமல் அடுத்த வேலைக்குப் போய்விடும்.

விளக்கத்தை விரிவாக எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் சொல்கிறார்கள், எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. டூல் என்ன செய்யும் என்பதைப் பெயரிலிருந்தே மாடல் பெரும்பாலும் பிடித்துக்கொள்கிறது. எப்போது இதைக் கூப்பிடக் கூடாது என்பதுதான் அதற்குத் தெரிவதில்லை. எங்களிடம் வாடிக்கையாளரைத் தேட ஒன்று, ஆர்டரைத் தேட ஒன்று என இரண்டு டூல்கள் உண்டு. ஆர்டர் டூலின் விளக்கம் முதலில் “ஆர்டர்களைத் தேடும்” என்று மட்டும் இருந்தது, ஏஜென்ட் வாடிக்கையாளரின் பெயரைக் கொண்டுபோய் ஐடி இருக்க வேண்டிய இடத்தில் போட்டுக்கொண்டே இருந்தது. “வாடிக்கையாளர் ஐடி கையில் இருந்தால் மட்டும் இதைக் கூப்பிடு, பெயர்தான் தெரியும் என்றால் முதலில் வாடிக்கையாளர் தேடலுக்குப் போ” என்று மாற்றி, கூடவே பாராமீட்டரின் பெயரையும் ‘யூசர்’ என்பதிலிருந்து ‘யூசர்_ஐடி’ ஆக்கியதும் அந்தத் தொல்லை அநேகமாக ஓய்ந்துவிட்டது.

அப்புறம் எர்ரர் மெசேஜ். டாக்குமென்டேஷன் என்றாலே யாரும் இதை நினைப்பதில்லை, என்னைக் கேட்டால் முதலில் கைவைக்க வேண்டியதே இங்கேதான், ஏனென்றால் ஏஜென்ட் தப்பு பண்ணிய அதே நொடியில் அதன் கண்முன் வந்து நிற்கும் எழுத்து இது ஒன்றுதான். “400, தவறான கோரிக்கை” என்று மட்டும் திருப்பி அனுப்பினால் அது அதே அழைப்பைச் சின்னச் சின்ன மாற்றத்தோடு திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கும். “தொடக்கத் தேதி 2025-04-03 போல ஆண்டு, மாதம், நாள் வரிசையில் வேண்டும், வந்தது 03/04/2025” என்று சொன்னால் பெரும்பாலும் அடுத்த முயற்சியிலேயே திருத்திக்கொள்ளும். 03/04 என்பதை ஏப்ரல் 3 என்றும் படிக்கலாம், மார்ச் 4 என்றும் படிக்கலாம், அதனால் தேதிக்கு ஐஎஸ்ஓ 8601 என்ற தரத்தின் ஆண்டு-மாதம்-நாள் வடிவத்தைத் தவிர எதையும் ஏற்காமல் இருப்பதே நிம்மதி.

காலி லிஸ்ட் திரும்பி வருவது இதைவிட மோசம், அங்கே எர்ரரே கிடையாது. தேடல் நடப்பு ஆர்டர்களில் மட்டும் நடந்திருக்கும், ஏஜென்ட்டோ “அப்படி ஒரு ஆர்டரே இல்லை” என்று அடித்துச் சொல்லிவிடும். இப்போது பதிலோடு ஒரு வரி சேர்த்து அனுப்புகிறோம்: “நடப்பு ஆர்டர்களில் எதுவும் இல்லை, பழையவை தேடப்படவில்லை.”

உதாரணம் கொடுப்பது நல்லதுதான், ஆனால் பார்த்துக் கொடுக்க வேண்டும். விளக்கத்தில் மாதிரிக்கு ஒரு ஐடி எழுதினால், சரியான ஐடி கிடைக்காதபோது சில மாடல்கள் அந்த மாதிரியையே எடுத்துப் போட்டுவிடும். நிஜத்தில் இருக்கவே முடியாத ஒரு ஐடியை மாதிரியாக வைத்தால் பிரச்சினை உடனே தெரிந்துவிடும். நிலை, வகை மாதிரி நாலைந்து மதிப்புகளுக்குள் அடங்குபவற்றுக்கு உதாரணமே வேண்டாம், ஸ்கீமாவில் எனம் (enum, ஏற்கக்கூடிய மதிப்புகளின் பட்டியல்) போட்டுவிட்டால் போதும்.

நீளத்துக்கும் ஒரு விலை உண்டு. பொதுவாக எல்லா டூல்களின் விளக்கமும் ஒவ்வொரு அழைப்பிலும் கான்டெக்ஸ்ட்டில் (மாடல் ஒரே நேரத்தில் படிக்கும் எழுத்தில்) ஏறுகிறது, டோக்கன் (அந்த எழுத்தை அளக்கும் துண்டு) அதற்கே போகிறது, டூல்கள் கூடக்கூட ஒன்றுக்கொன்று ஒத்த விளக்கங்களில் மாடல் குழம்பவும் செய்கிறது. இரண்டு டூல்களுக்கு நடுவே என்ன வித்தியாசம் என்று ஒரே வரியில் எழுத வரவில்லை என்றால் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவேன்.

எம்சிபியில் ரீட்ஒன்லிஹின்ட் (படிக்க மட்டும் செய்யும் டூல்), டிஸ்ட்ரக்டிவ்ஹின்ட் (எதையாவது அழிக்கக்கூடிய டூல்) என்று குறிப்புகள் இருக்கின்றன. போடலாம், போட வேண்டும், ஆனால் பெயரே சொல்கிறபடி அவை குறிப்புகள் மட்டுமே, எதையும் தடுத்து நிறுத்தாது. அழிக்கும் டூலுக்கு சர்வரிலேயே அனுமதிச் சோதனை வைத்தாக வேண்டும். “கவனமாகப் பயன்படுத்து” என்று விளக்கத்தில் எழுதிவிட்டுத் தூங்கப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னும் தலைவலி தருவது மாடல் மாறும்போதுதான். பழைய மாடலுக்காக “கட்டாயம்”, “எக்காரணம் கொண்டும்” என்று அழுத்தி எழுதியதைப் புது மாடல் அப்படியே பிடித்துக்கொண்டு தேவையில்லாத இடத்திலும் அந்த டூலைக் கூப்பிடுகிறது. அதனால் வழக்கமான சில வேலைகளை ஒரு ஃபைலில் வைத்திருக்கிறோம். மாடல் மாறினாலும் விளக்கத்தில் ஒரு வரி மாறினாலும் அவற்றை ஓட்டி, எந்த டூலை எந்த மதிப்போடு கூப்பிட்டது என்று லாகை (நடந்த அழைப்புகளின் பதிவை) படிக்கிறோம். கடைசிப் பதில் சரியாக இருந்தாலும் லாகைப் பார்க்காமல் விடுவதில்லை, சுற்றி வளைத்து எங்கெங்கோ போய்த்தான் அந்தப் பதிலுக்கு வந்தது என்பது அங்கேதான் தெரியும்.