கேனான் 6டி: பழைய கார்களோடும் இரவு வெளிச்சத்தோடும் ஏழு ஆண்டுகள்

2018ஆம் ஆண்டில் பெங்களூரில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய கேனான் இ.ஓ.எஸ். 6டி கேமராவை ஏழு ஆண்டுகளாக ஏறக்குறைய இரண்டே வேலைகளுக்குப் பயன்படுத்தி வருகிறேன். ஒன்று, கிருஷ்ணகிரியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இன்னும் ஓடுகிற, அல்லது ஷெட்டுக்குள் துணி போர்த்தி நிற்கிற அம்பாசிடர், பத்மினி, ஹெரால்டு போன்ற பழைய கார்களைப் படமெடுப்பது. மற்றொன்று, இரவுக் காட்சிகள். நாளடைவில் இவ்விரண்டும் ஒன்றாகிவிட்டன. இப்போது நான் எடுப்பவற்றுள் பெரும்பாலானவை பொழுது சாய்ந்தபின் எடுக்கும் பழைய கார் படங்களே. இந்தப் பகிர்வும் அந்த வேலையை மட்டுமே பற்றியது.

இந்தக் கேமரா 2012இல் அறிமுகமானது. 20.2 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள) சென்சார், 11 ஃபோகஸ் புள்ளிகள், மடக்கவோ திருப்பவோ இயலாத திரை, ஒரே ஒரு எஸ்.டி. கார்டு ஆகியவைதான் இதில் உள்ளவை. இன்றைய மிரர்லெஸ் கேமராக்களுக்குப் பக்கத்தில் வைத்தால் இந்தப் பட்டியல் மெலிந்ததாகவே தோன்றும். ஆனால் அந்தப் 11 புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டும் மைனஸ் 3 இ.வி. வரை, அதாவது முழுநிலவின் ஒளியளவுக்கு மங்கிய வெளிச்சத்திலும், ஃபோகஸ் பிடிக்கும் திறன் உள்ளது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஹெட்லைட்டைச் சுற்றியுள்ள குரோம் வளையத்தின் விளிம்பில் நடுப்புள்ளியை வைத்து ஃபோகஸ் பிடித்து, உடனே லென்ஸை மேனுவலுக்கு மாற்றிவிட்டு, அதன்பிறகு ட்ரைபாடில் காட்சியை ஒழுங்குபடுத்துவது என் வழக்கம். அதுவும் கைகொடுக்காத இருட்டில், காரின் மேல் ஒரு டார்ச் வெளிச்சத்தை நிறுத்தி, காட்சியைத் திரையில் நேரடியாகக் காட்டும் லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்கிறேன். நிற்கும் காரை எடுப்பவருக்கு அவசரம் எதுவும் இல்லை என்பதால், வேகமான ஃபோகஸ் இல்லையே என்று இந்த ஏழு ஆண்டுகளில் நான் வருந்தியதில்லை.

லென்ஸ்கள் இரண்டு: 24-105 மி.மீ. எஃப் 4, 85 மி.மீ. எஃப் 1.8. மி.மீ. எண் கூடக் கூடக் காட்சி நெருங்கித் தெரியும்; எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிகமாகத் திறந்து கூடுதல் ஒளியை உள்ளே விடும். தொடக்கத்தில் கார் முழுவதும் அடங்க வேண்டும் என்ற ஆசையில் எல்லாவற்றையும் 24 மி.மீ.யிலேயே எடுத்தேன். அருகில் நின்று அப்படி எடுத்த அம்பாசிடரின் முகம் பூசணிக்காய்போல் வீங்கி, பின்பகுதி சுருங்கி, வேறொரு வண்டியாகவே தெரிந்தது. அம்பாசிடர் ஏறக்குறைய 4.3 மீட்டர் நீளம் உடையது. அதைப் பக்கவாட்டில், சற்று இடம் விட்டு, 85 மி.மீ. லென்ஸில் அடக்க வேண்டுமானால் 12 மீட்டர் பின்வாங்க வேண்டும். கிருஷ்ணகிரியின் பழையபேட்டைத் தெருக்களில் அவ்வளவு இடம் கிடைப்பதில்லை. அங்கே 50 மி.மீ.யில் 7 மீட்டர் தள்ளி நின்று எடுக்கிறேன். தோப்பும் களமும் உள்ள இடங்களில் 85தான். எஃப் 1.8இல் முழுவதும் திறந்து எடுத்தால் குரோமின் ஓரங்களில் ஊதா நிறம் படியும். வேகமான லென்ஸ்களில் இது காணக்கூடியதே. எஃப் 2.8க்கு மூடினால் பெருமளவு மறைந்துவிடும்.

கேமராவைவிட இந்தக் கார்களின் உடலமைப்பைப் புரிந்துகொள்ளவே எனக்கு அதிக காலம் ஆயிற்று. அம்பாசிடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்து, 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் தயாரான வண்டி. அதில் தட்டையான தகடு என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் இல்லை. பானெட், மட்கார்டு, கதவு, டிக்கி ஆகிய அனைத்தும் வளைந்தவை என்பதால், அந்த வண்டி எங்கே நின்றாலும் சுற்றிலும் உள்ள விளக்கு, சுவர், வானம், படமெடுப்பவரின் சட்டை ஆகியவற்றை இழுத்துத் தன் மேல் வரைந்துகொள்கிறது. ஃபியட் 1100இன் வழிவந்த பத்மினியில் பின்புறத்துச் சிறு துடுப்பும் பக்கவாட்டு மடிப்பும் உண்டு. அந்த மடிப்பு விளிம்பில் ஒரே ஒரு ஒளிக்கோடு விழுந்தால் வண்டியின் முழு நீளமும் இருட்டில் துலங்கும். ஹெரால்டின் வடிவம் இத்தாலியரான ஜொவான்னி மிக்கேலொட்டியுடையது. சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் அதை 1961 முதல் தயாரித்தது. அதன் கூர்மையான விளிம்புகளுக்குப் பக்கவாட்டிலிருந்து வரும் வன்மையான ஒளி பொருந்தும். அதே ஒளி அம்பாசிடரின் மேல் விழுந்தால் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள் மட்டுமே மிஞ்சும். இதைத் தெரிந்துகொண்ட பின்புதான், வண்டியை எங்கே நிறுத்தச் சொல்வது என்று எனக்குப் பிடிபட்டது.

தெருவிளக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நான் தொடங்கிய காலத்தில் எங்கள் பகுதியில் சோடியம் ஆவி விளக்குகளே மிகுதி. ஒரு கருநீலப் பத்மினியை அந்த விளக்கின் கீழ் நிறுத்தி ஓர் இரவு முழுவதும் எடுத்தேன். எல்லாப் படங்களிலும் அது கறுப்பு வண்டியாகவே வந்தது. அந்த ஒளியில் மஞ்சளும் ஆரஞ்சும்தான் நிறைந்திருக்கும். நீலம் மிகக் குறைவு. வண்டி திருப்பியனுப்ப வேண்டிய நீல ஒளியே அதன் மேல் விழாதபோது, எந்தக் கேமராவாலும் எந்த மென்பொருளாலும் அந்த நிறத்தை வரவழைக்க முடியாது. அதோடு, சோடியம் ஒளியின் நிறவெப்பம் 2000 கெல்வினை ஒட்டியது; இந்த எண் குறையக் குறைய ஒளி செம்மையாகும். ஒளியின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் கேமராவின் ஒயிட் பேலன்ஸ் அளவோ 2500க்குக் கீழே இறங்காது. ஆகவே சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுத்துப் பின்னர் கணினியில் இறக்கிச் சரிசெய்வதே வழி; அப்போதும் வெள்ளை, கிரீம் நிற வண்டிகள் மட்டுமே தேறும். இப்போது பெரும்பாலான தெருக்களுக்கு எல்.இ.டி. வந்துவிட்டது. நிறம் நன்றாக வருகிறது. ஆனால் விளக்கு சிறு பரப்பிலிருந்து நேராகக் கீழே அடிப்பதால், கூரையும் பானெட்டும் பளிச்சிட்டு, கிரில்லும் சக்கரங்களும் இருளில் அமிழ்ந்துவிடுகின்றன. வண்டியை விளக்குக்கு நேர் கீழே நிறுத்தாமல், இரண்டு கம்பங்களுக்கு நடுவே, முகம் ஒரு விளக்கை நோக்கியிருக்கும்படி நிறுத்தினால் இந்தக் குறை பாதியாகக் குறைகிறது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, சூரியன் மறைந்த 15ஆம் நிமிடத்திலிருந்து 30ஆம் நிமிடம் வரையுள்ள நேரம். நம் அட்சரேகையில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் அந்தி நீள்வதில்லை. வானம் கருநீலமாக மாறி, அதன் ஒளியும் தெருவிளக்கின் ஒளியும் சமமாகும் சில நிமிடங்களில் மட்டுமே, வளைந்த தகடுகளின் மேல் ஒரே சீரான நீல மினுமினுப்பு படரும். பின்னணியில் கிருஷ்ணகிரிக் கோட்டை மலை இன்னும் உருவம் கலையாமல் நிற்கும். அந்தக் கால் மணி நேரத்துக்காக ஒரு மணி நேரம் முன்பே போய் வண்டியை நிறுத்தி, துடைத்து, ட்ரைபாடைக் கேமராவின் உயரம் ஹெட்லைட்டின் உயரத்துக்கு வரும்படி இறக்கி வைத்துக் காத்திருக்கிறேன். திரை அசையாதது என்பதால், அந்த உயரத்தில் பார்க்க மண்டியிடத்தான் வேண்டும். ஒரு பழைய கோணிப்பை எப்போதும் என் பையில் இருக்கும்.

முழு இருட்டில் டார்ச் கொண்டு ஒளி பூசுவதை நான் கற்றது ஒரு மாந்தோப்பில். ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்திறன் அளவு) 100, எஃப் 8, 30 விநாடி; ஷட்டர் திறந்திருக்கும்போது டார்ச்சைக் காரின் நீளத்துக்கு இணையாக, தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து, நிற்காமல் நடக்க வேண்டும். நின்றால் அந்த இடத்தில் மிகையாக வெளுத்த ஒரு திட்டு விழும். டார்ச்சின் முகம் கேமராவைப் பார்க்கக் கூடாது. கறுத்த உடை அணிந்திருந்தால் நடப்பவர் படத்தில் பதிவதில்லை. குரோம் பம்பரில் டார்ச்சின் பாதை ஒரு வெள்ளை நூலாகப் பதியும். அதை போலரைசர் வடிகட்டி நீக்கிவிடும் என்று எண்ணி ஏமாந்தேன். போலரைசர் கண்ணாடியிலும் பெயிண்டிலும், நம் ஊர்க் குவாரிகளில் மெருகேற்றி அடுக்கியிருக்கும் கருங்கல் பலகைகளிலும் தெரியும் பிரதிபலிப்பைக் குறைக்கும். வெறும் உலோகத்தின் மேல் அதற்கு வேலை இல்லை. எனவே பம்பரை இருட்டிலேயே விட்டுவிட்டு, அதற்கு எதிரே தரையில் ஒரு வெள்ளைப் போர்வையை விரித்து அதன் மேல் டார்ச்சை அடிக்கிறேன். குரோமில் அந்தப் போர்வையின் வெண்மை மென்மையாகத் தெரிகிறது.

அந்தத் தோப்பில் ஒரு தவறும் செய்தேன். மாமரம் பூத்திருந்த மாசி மாதத்தில், மரத்தின் நிழலுருவம் நன்றாக இருக்கிறதே என்று அம்பாசிடரைக் கிளைக்கு நேர் கீழே மூன்று மணி நேரம் நிறுத்தச் சொன்னேன். பூவில் இருக்கும் தத்துப்பூச்சிகள் விடும் தேன் போன்ற பிசுபிசுப்பு, கூரை முழுவதும் துளித்துளியாகப் படிந்துவிட்டது. வண்டியின் உரிமையாளர் கோபப்படவில்லை. "தம்பி, நீங்க படத்தப் பாத்தீங்க, மரத்தப் பாக்கலியே" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலையில் போய், "ஐயா, நானே கழுவித் தர்றேன்" என்று கேட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, தேய்க்காமல் கழுவிக் கொடுத்தேன். நாற்பது ஆண்டுகளாக ஒருவர் காத்துவரும் பெயிண்ட் அது. அன்றிலிருந்து தை, மாசி, பங்குனியில் மாமரத்தடியில் எந்த வண்டியையும் நிறுத்தச் சொல்வதில்லை.

நான் எடுத்தவற்றுள் எனக்கு மிகவும் நெருக்கமான படம் ஒரு கார்த்திகைத் தீபத்தன்று அமைந்தது. ஓட்டுவீட்டுத் திண்ணையிலும் வாசல் கோலத்திலும் அகல்கள், வாசலுக்கு அப்பால் அதே அம்பாசிடர், மேலே முழுநிலவு. முழுநிலவில் மட்டும் நனையும் நிலப்பரப்புக்கு ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 4, 30 விநாடி எனக்குச் சரியாக வருகிறது. ஆனால் அந்த அளவில் அகல் சுடர்கள் வெறும் வெள்ளைப் பொட்டுகளாகிவிட்டன. ஆகவே ட்ரைபாடை அசைக்காமல், நிலவுக்கு ஒன்றும் சுடருக்கு 2 விநாடியில் ஒன்றுமாக இரண்டு படங்கள் எடுத்துப் பின்னர் இணைத்தேன். சுடரின் செம்மையை ஒயிட் பேலன்ஸில் வெளுக்கவிடாமல் அப்படியே வைத்தேன். வெளுத்தால் கார்த்திகை கார்த்திகையாக இராது. பெட்ரோல் வண்டி என்பதால் எந்த அகலும் காருக்கு மூன்று மீட்டருக்குள் இல்லாதபடி பார்த்துக்கொண்டோம். அந்தப் படத்தை 12க்கு 18 அங்குலத்தில் அச்சிட்டபோது, கேமராவின் 20 மெகாபிக்சல் குறைவு என்ற எண்ணம் எனக்கு எழவில்லை.

ஒளிக்கோடுகளுக்காகத் தொப்பூர் கணவாய்க்கும் சில முறை சென்றேன். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11, 20 விநாடி போதும். வளைவுகளில் லாரிகளின் சிவப்புக் கோடுகள் அழகாகவே வருகின்றன. எனினும் விபத்துகளுக்குப் பெயர்போன அந்தச் சாலையின் ஓரத்தில் நிற்பது எந்தப் படத்துக்கும் தகாது. சாலையைவிட்டு வெகுவாக விலகிய மேட்டில் இடம் கிடைத்தால் மட்டும் எடுங்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துக் காட்டுச் சாலைகளில் வானம் மிக நன்றாக இருட்டியிருக்கும். அங்கே யானைகள் நடமாடுவதால் இரவில் நான் வண்டியைவிட்டு இறங்குவதே இல்லை.

இந்த ஏழு ஆண்டுகளில் எனக்கு நேர்ந்த இழப்பு ட்ரைபாடால் வந்தது. தொடக்கத்தில் விலை குறைந்த, எடை குறைந்த ஒன்றை வாங்கினேன். பேட்டரியோடு 770 கிராம் உள்ள இந்த உடலையும் பெரிய லென்ஸையும் அதன் தலை தாங்கவில்லை. 30 விநாடியில் லென்ஸ் மெல்லத் தலைகவிழ்ந்து, எல்லாப் படங்களும் செங்குத்தாகக் கலங்கின. ஒரு நாள் காலின் பூட்டு நழுவிக் கேமராவே சாய்ந்து, லென்ஸின் முன்வளையம் நசுங்கியது. பிறகு கனமான அலுமினிய ட்ரைபாட் ஒன்றை வாங்கி, நடுத்தண்டை உயர்த்தாமல், கொக்கியில் பையைத் தொங்கவிட்டுப் பயன்படுத்துகிறேன். ட்ரைபாடில் வைத்தவுடன் லென்ஸின் நடுக்கம் தடுக்கும் அமைப்பை அணைத்துவிடுவதும், இரண்டு விநாடி டைமரில் எடுப்பதும் பழக்கமாகிவிட்டன. ஜி.பி.எஸ்.ஸையும் அணைத்தே வைக்கிறேன். அது இயக்கத்தில் இருந்தால் கேமராவை நிறுத்திய பின்னும் பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும்.

மார்கழிப் பனியில் லென்ஸின் முகப்பு சொல்லாமல் மூடிக்கொள்ளும். துடைத்தால் மீண்டும் மூடும். ஆகவே பையை முன்கூட்டியே திறந்து வைத்து, கேமராவை வெளிக்குளிருக்குப் பழகவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்து முகப்பைப் பார்க்கிறேன். வீடு திரும்பியதும் சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப்புகாத டப்பாவில் வைத்துவிடுகிறேன். இதுவரை பூஞ்சை வரவில்லை.

இதை இன்று செகண்ட் ஹேண்டாக வாங்க எண்ணுபவர், லென்ஸ் மூடியைப் போட்டு ஐ.எஸ்.ஓ. 1600இல் 30 விநாடி ஒரு படம் எடுத்து, திரையில் பெரிதாக்கி, பழுதான பிக்சல்களால் வரும் ஒளிரும் புள்ளிகள் எவ்வளவு என்று முதலில் பார்க்க வேண்டும். ஷட்டர் 1,00,000 முறைக்கென வடிவமைக்கப்பட்டது என்பதால் அதுவரை ஓடிய எண்ணிக்கையையும் கேட்டறிய வேண்டும். ஓடும் கார்களையும் பந்தயங்களையும் எடுக்க விரும்புபவர் வேறு கேமராவைத் தேடுவதே நல்லது. நிற்கும் வண்டிக்கும் இரவுக்கும் இதை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். என் அடுத்த செலவும் இன்னொரு கேமராவுக்கானது அன்று, சீரான ஒளி தரும் ஒரு நீண்ட எல்.இ.டி. குழல்விளக்குக்கானது. ஹெரால்டு ஒன்றின் உரிமையாளர் இந்த ஆண்டு அதன் பானெட்டை, இரு மட்கார்டுகளோடும் சேர்த்து முன்புறமாக அப்படியே தூக்கி நிறுத்திக் காட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார். திறந்த எஞ்சினுக்கு உள்ளிருந்தும் ஒளி வர வேண்டும், வெளிக்கூட்டின் கூரான விளிம்பும் தெரிய வேண்டும். அதற்கான ஒத்திகையை ஷெட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்து பார்த்து வருகிறேன்.